கொண்டுபோக ஒரு பை, படமெடுக்க ஒரு பை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பஸ்ஸில் போகிறவருக்கும், அதே ரோட்டில் பைக்கில் போகிறவருக்கும் ஒரே கேமரா பை ஒத்துவராது. இரண்டு பேரிடமும் ஒரே கேமரா, ஒரே லென்ஸ் இருந்தாலும் ஒத்துவராது. பஸ்ஸில் போகிறவருக்கு 40 கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை பை மடியில் அடங்கி உட்கார வேண்டும். பைக்கில் போகிறவருக்கு அது முதுகோடு ஒட்டி நிற்க வேண்டும், மழை வந்தால் தாங்க வேண்டும். மேலே போய் இறங்கி, புதுத்தோட்டம் பக்கம் ரோட்டோர மரத்தில் சிங்கவால் குரங்கைப் பார்த்துவிட்டால், பையைத் திறந்து லென்ஸை மாட்ட இரண்டு பேருக்குமே கொஞ்ச நேரம்தான் கிடைக்கும்.

ஆக, பைக்கு வேலை இரண்டு. ஊர் போய்ச் சேரும்வரை சாமானைப் பத்திரமாகச் சுமப்பது ஒன்று. போன இடத்தில் கைக்கு எட்டும்படி திறந்து கொடுப்பது இன்னொன்று. முதல் வேலையை நன்றாகச் செய்கிற பை இரண்டாவது வேலையில் பெரும்பாலும் சுமார்தான். இரண்டாவதற்கு நல்லதாக இருப்பது நெடும்பயணத்தில் தோளை வாட்டிவிடும். இரண்டையும் ஒரே பையில் தேடித்தான் பலர் பை மாற்றி பை வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நம் கொங்குப் பக்கத்தில் நாம் போகிற இடங்களையும் போகிற விதத்தையும் வைத்து, எந்த வகை எங்கே உதவும் என்று பார்க்கலாம்.

அதற்கு முன் உங்கள் சாமானைத் தராசில் வைத்து எடை பாருங்கள். கல்லூரி முடித்த பிள்ளைகள் பலரிடம் இருக்கிற செட்டை எடுத்துக்கொள்வோம். கேனான் 1500டி பேட்டரியோடு 475 கிராம். கூடவே வரும் 18-55 லென்ஸ் (இந்த எண்கள் மி.மீ. கணக்கில் லென்ஸின் குவியத் தூரம், எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) 200 கிராம், 55-250 எஸ்டிஎம் 375 கிராம், 50 எம்எம் எஸ்டிஎம் 160 கிராம். எல்லாம் சேர்த்து 1.2 கிலோதான். அடுத்த படியில் இருப்பவர்களுக்கு சோனி ஏ7 நான்காம் பதிப்பு பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, 658 கிராம், டாம்ரான் 28-75 இரண்டாம் பதிப்பு 540 கிராம், டாம்ரான் 70-180 முதல் பதிப்பு 810 கிராம் என்று 2 கிலோ வரும். பறவை, விலங்கு எடுப்பவர்கள் கணக்கே தனி. சிக்மா 150-600 கன்டெம்பரரி லென்ஸ் மட்டுமே 1.93 கிலோ, 26 செ.மீ. நீளம். சோனி 200-600 கிட்டத்தட்ட 2.1 கிலோ, 32 செ.மீ. நீளம். பாடியில் மாட்டினால் இன்னும் ஏழெட்டு செ.மீ. கூடும்.

இந்த எண்களை எதற்குச் சொல்கிறேன் என்றால், பெரிய கேமரா முதுகுப்பைகளில் பல காலியாகவே 2 கிலோவைத் தாண்டும். 1.2 கிலோ சாமானுக்கு 2 கிலோ பையை முதுகில் ஏற்றுவதில் என்ன நியாயம் இருக்கிறது? பெரிய பை வாங்கினால் பின்னால் வாங்கப் போகிற லென்ஸுக்கும் சேர்த்து ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த லென்ஸ் வரும்வரை காலி இடத்தில் துண்டு, சார்ஜர், தண்ணீர் பாட்டில், ஒருதரம்கூட எடுக்காத ஃபிளாஷ் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பையில் இடம் இருந்தால் அது நிரம்பத்தான் செய்யும்.

முதலில் தோள்பை. பழைய பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் பை இதுதான். ஜிம் டோம்கி என்ற அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் 1970-களில் தன் வேலைக்கென்று வடிவமைத்த கான்வாஸ் தோள்பை இன்றும் விற்கிறது. அதில் பஞ்சு அதிகம் கிடையாது. மேல் மூடியைத் தூக்கினால் எல்லாமே கைக்குக் கிடைக்கும். ஈரோடு ஜவுளிச் சந்தை, பவானி கூடுதுறை, பேரூர்க் கோயில் வீதி மாதிரி இடங்களில் நின்றபடியே லென்ஸ் மாற்ற இதைவிட வசதியான பை இல்லை. கூட்டம் நெருக்கினால் பையை வயிற்றுக்கு முன்னால் இழுத்து ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் எடை முழுக்க ஒரு தோளில் விழும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வரை காலையிலிருந்து மதியம்வரை தாங்கலாம். 2 கிலோவுக்கு மேல் போனால் கழுத்து வலி மறுநாளும் இருக்கும். பைக்கில் இது ஆகவே ஆகாது. வளைவில் சாயும்போது பை சரிந்து முன்னால் வந்து கைப்பிடிக்கும் வயிற்றுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், அது ஆபத்து. தோள்பை வாங்குவதென்றால் பட்டை அகலமாக இருக்கிறதா, குறுக்கே போட்டுக்கொள்ளும் அளவுக்கு நீளுமா என்று பார்த்து வாங்குங்கள்.

முதுகுப்பை விஷயம் பெரியது. கடைகளில் அதிகம் தொங்குவதும் இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். எத்தனை லிட்டர், எத்தனை லென்ஸ் பிடிக்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை நான் அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, பை எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை. முன்பக்கம் திறப்பது, முதுகுப்பக்கம் திறப்பது, விலாவில் திறப்பது என்று மூன்று வகை உண்டு. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நம் ஊர்ச் சந்தைக்கும் நோம்பிக்கும் எது ஆகும் என்பது தீர்மானமாகிறது.

முன்பக்கம் திறக்கிற பையைத் தரையில் எப்படி வைப்போம்? முதுகில் படும் பக்கம் கீழே, ஜிப் மேலே. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்நோம்பியில் கூடுகிற குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தையை நினைத்துப் பாருங்கள். சித்திரையில் கண்ணபுரத்தில் காங்கேயம் மாடுகள் வந்து இறங்கும் சந்தையும் அப்படித்தான். தரையெல்லாம் புழுதி, சாணி, மூத்திரம், வைக்கோல் துணுக்கு. அங்கே பையைக் கீழே வைத்துத் திறந்துவிட்டு மறுபடி தோளில் மாட்டினால், தரையில் கிடந்த அத்தனையும் பட்டையில் ஒட்டிச் சட்டைக்கு வந்துவிடும். முதுகுப்பக்கம் திறக்கிற பையில் வெளிமுகம் மட்டும் தரையைத் தொடும். உடம்பில் படும் பக்கம் சுத்தமாகவே இருக்கும். வெளிமுகத்தை வீட்டுக்கு வந்து ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது.

இன்னொரு லாபமும் இதில் இருக்கிறது. ஜிப் உங்கள் முதுகோடு ஒட்டியிருப்பதால், பையை மாட்டியிருக்கும்வரை பின்னால் நிற்பவர் அதைத் தொட முடியாது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதும், திங்கட்கிழமை இரவே கூட்டம் சேர்ந்துவிடும் ஈரோடு ஜவுளிச் சந்தையில் நெருக்கியடித்து நடக்கும்போதும் அது பெரிய நிம்மதி. லோப்ரோ கம்பெனியின் ஃபிளிப்சைடு வரிசைப் பைகளில் இன்னொரு வசதி உண்டு. இடுப்புப் பட்டையைக் கட்டியபடியே தோள்பட்டைகளை மட்டும் கழற்றி, பையை வயிற்றுப் பக்கம் சுழற்றினால் தரையில் வைக்காமலே திறக்கலாம். மாட்டுச் சந்தைக்கு இதைவிடப் பொருத்தமான முதுகுப்பையை நான் பார்க்கவில்லை.

விலாவில் திறக்கிற பை வேகமானது. ஒரு பட்டையைக் கழற்றி, பையை முன்னால் கொண்டுவந்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து கேமராவை எடுத்துவிடலாம். திறக்கும் இடம் சின்னது என்பதால் உள்ளே தூசி போவதும் குறைவு. நம் பக்கத்தில் தூசி சின்ன விஷயம் இல்லை. வைகாசி முடிந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை வீசித் தள்ளும். பொள்ளாச்சியில் தென்னைநார்த் துகள், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் பறக்கும் பஞ்சு, ஈரோட்டில் மஞ்சள் மூட்டை பிரிக்கும் இடத்தில் மஞ்சள் தூள். ஒரே ஜிப்பில் முழுப்பையும் விரிந்துவிடும் வகையை அங்கே திறந்தால் ஒரு லென்ஸ் எடுப்பதற்காக எல்லா லென்ஸும் தூசி குடிக்கும். விலாத் திறப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜிப்பை மூடாமல் மறுபடி தோளில் மாட்டினால் கேமரா நேராகத் தரைக்குப் போகும். ஜிப்புக்கு மேலே ஒரு பக்கிளும் இருக்கிற பையாகப் பார்த்து எடுங்கள்.

பஸ்ஸில் முதுகுப்பை படுத்தும் பாட்டையும் சொல்ல வேண்டும். மேலே இருக்கும் லக்கேஜ் தட்டில் வைத்தால் மலைப்பாதையில் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். திம்பத்தில் 27 வளைவு, கொல்லிமலையில் 70 வளைவு. மேலே வைத்த கேமராவை நினைத்துக்கொண்டே போனால் வழியில் வெளியே எதையும் பார்க்க மாட்டோம். டிரைவர் பக்கத்தில் என்ஜின் பெட்டி மேல் வைக்கச் சொல்லி கண்டக்டர் உதவ வருவார். அங்கே வேண்டாம். சூடும் அதிர்வும் சேர்ந்து இருக்கும் இடம் அது. மிச்சம் மடிதான். மடியில் வைப்பதற்குப் பையின் உயரம், அகலத்தைவிடத் தடிமன்தான் முக்கியம். முன் சீட்டுக்கும் நம் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் இடம் கொஞ்சம். முன்னும் பின்னுமாக 17, 18 செ.மீ.க்கு மேல் போகிற பையை மடியில் வைத்து இரண்டு மணி நேரம் உட்காருவது சிரமம். நின்றுகொண்டு போக வேண்டிவந்தால் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

குரங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆழியாறு, குரங்கு அருவிப் பக்கம் இருக்கும் நாட்டுக் குரங்குகளுக்குப் பையின் பக்கவாட்டு வலைப் பாக்கெட் நன்றாகத் தெரியும். அதில் பிஸ்கட், வாழைப்பழம் வைத்தால் பையோடு சேர்த்து இழுக்கும். தீனியைக் கேமரா பையில் வைக்கவே வேண்டாம்.

அடுத்தது ஸ்லிங். ஒரே பட்டை, உடம்புக்குக் குறுக்கே போட்டு முதுகிலிருந்து மார்புக்கு இழுத்துத் திறக்கிற பை. 6 லிட்டரில் சின்ன கேமரா ஒன்று, இரண்டு லென்ஸ் அடங்கும். 10 லிட்டரில் 70-200 லென்ஸ் வரைகூட வைக்கலாம், ஆனால் அந்த எடைக்கு ஒற்றைப் பட்டை சரியில்லை. என் அபிப்பிராயத்தில் ஸ்லிங் 6 லிட்டரோடு நிற்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் ஸ்லிங்கின் அருமை தெரியும். 46 கி.மீ. பாதையில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. கல்லாறு தாண்டிப் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கியதும் ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் பாறை என்று மாறி மாறி வரும். பெட்டிக்குள் இடம் கொஞ்சம், எதிரெதிரே முட்டி இடிக்கும். காலடியில் முதுகுப்பையை வைத்துக் குனிந்து திறக்கிற நேரத்தில் பாலம் போய்விடும். மார்பில் ஸ்லிங் இருந்தால் அகல லென்ஸைக் கழற்றி நீள லென்ஸை மாட்ட இடம் தேட வேண்டாம். மலை ரயில், ஏற்காடு, குன்னூர் மாதிரிக் குடும்பத்தோடு போகிற ஒருநாள் பயணம் என்றால் 1.2 கிலோ செட்டுக்கு இது ஒன்றே போதும்.

நடைப்பயணத்துக்கு வருவோம். தைப்பூசத்துக்குக் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கமிருந்து பழனிக்கு நடக்கிறவர்களோடு, எடப்பாடியிலிருந்து காவடி எடுத்து வருகிறவர்களோடு சேர்ந்து நடந்து படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே ஒரு கை மூங்கில் தடிக்குப் போய்விடும், பெரும்பாலும் இரவில்தான் ஏற்றம். இந்த இரண்டுக்கும் எடை இடுப்பில் இறங்க வேண்டும். இடுப்புப் பட்டை என்று பேருக்கு ஒரு நாடா தைத்திருக்கும் பைகள் உண்டு. அவை பையை ஆடாமல் பிடிக்கும், எடையைத் தாங்காது. கை அகலத்துக்குப் பஞ்சு வைத்து, இடுப்பெலும்பு மேல் உட்காருகிற பட்டைதான் தோளுக்கு ஓய்வு கொடுக்கும். ஒரு பாடி, ஒரு லென்ஸ் மட்டும் எடுத்துப் போவதாக இருந்தால் சின்ன இடுப்புப் பையே போதும். தண்ணீரும் துணியும் சாதாரணப் பையில் முதுகில் போகட்டும். பழனி மலைக்கோயிலுக்குள் 2023 அக்டோபரிலிருந்து செல்போனுக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை. கீழேயே ஒப்படைத்துவிட்டு ஏற வேண்டும். அங்கே நான்கு பாக்கெட்டில் பிரித்து வைத்த சாமானை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதைவிட, எல்லாம் ஒரே சின்னப் பைக்குள் இருப்பது நல்லது.

இதுவரை சொன்னதில் எதுவுமே எல்லா இடத்துக்கும் ஆகவில்லை. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது கேமரா பையே இல்லாத ஒரு வழி. வீட்டில் இருக்கும் நல்ல சாதாரண முதுகுப்பை, 20 முதல் 25 லிட்டர். அதற்குள் வைக்க, இன்சர்ட் என்று கேட்டால் கடையில் கொடுக்கும் மெத்தை வைத்த ஓர் உள்பை. பஸ்ஸிலோ பைக்கிலோ போகும்போது உள்பை முதுகுப்பைக்குள் இருக்கும். மேலே ஒரு செட் துணி, மழைக்கோட்டு. பார்க்கிறவருக்கு அது காலேஜ் பையன் பை, உள்ளே கேமரா இருப்பது தெரியாது. ஊர் போய்ச் சேர்ந்ததும் ரூமில் முதுகுப்பையை வைத்துவிட்டு, உள்பையை மட்டும் எடுத்து, அதன் இரண்டு வளையத்தில் ஒரு பட்டையை மாட்டினால் தோள்பை ஆகிவிட்டது. கொண்டுபோகிற வேலையையும் படமெடுக்கிற வேலையையும் இரண்டு பை பிரித்துக்கொள்கின்றன. வாங்க வேண்டியது ஒன்றுதான்.

இதற்கு உள்பையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். மேலே மூடுகிற ஜிப் அல்லது மடிப்பு மூடி, பட்டை மாட்ட வளையம், வடிவம் கலையாத விறைப்பு. மேலே திறந்தே கிடக்கும் உள்பைகள் விலை மலிவு, ஆனால் வெளியே எடுத்து மாட்ட முடியாது.

இதைத் தைத்தும் கொள்ளலாம். துணி, பை தைக்கிற கைக்கு நம் ஊர்களில் பஞ்சமே இல்லை. சூட்கேஸ் ஜிப் மாற்றுகிற கடையில் சொன்னால் செய்துதருவார்கள். ஆனால் உள்ளே வைக்கும் பஞ்சை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சும், கொஞ்ச நாளில் அமுங்கிப்போகும். ஈவிஏ ஃபோம் ஷீட் 10 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். அதில் தண்ணீர் ஏறாது, அமுக்கினால் திரும்ப எழும். உள்துணி வெல்க்ரோ ஒட்டுகிற வகையாக இருந்தால்தான் தடுப்புகளை இடம் மாற்றலாம். பருத்தித் துணி போட்டால் நூல் துகள் உதிர்ந்து லென்ஸில் ஒட்டும். சாமானைக் கடைக்குக் கொண்டுபோய், கேமராவில் லென்ஸ் மாட்டியபடியே அளவு கொடுங்கள். கேமராவைத் தனியாகவும் லென்ஸைத் தனியாகவும் அளந்து தைத்தால், ஒவ்வொரு தடவையும் கழற்றித்தான் வைக்க வேண்டியிருக்கும்.

இந்த வழி ஆகாதவர்கள் உண்டு. டாப்ஸ்லிப், வால்பாறை, வெள்ளோடு பறவைகள் சரணாலயம் என்று 150-600, 200-600 லென்ஸோடு அலைகிறவர்கள் தயங்காமல் முதுகுப்பக்கம் திறக்கிற கேமரா முதுகுப்பைக்கே போங்கள். லென்ஸ் பாடியில் மாட்டியபடியே படுக்க வேண்டும், அதற்கு உள்நீளம் சிக்மாவுக்கு 35 செ.மீ., சோனிக்கு 40 செ.மீ. இருக்க வேண்டும். வெளிநீளத்தைப் பார்த்து ஏமாறாமல் டேப் வைத்து உள்ளே அளந்து பாருங்கள். 3 கிலோ சாமானுக்கு நல்ல இடுப்புப் பட்டையும் காற்றோடுகிற முதுகுப் பலகையும் வேண்டும், சாதாரணப் பையில் இரண்டும் கிடைக்காது. கல்யாண வேலைக்குக் காரில் நான்கு பேராகப் போகிறவர்களுக்குப் பெலிக்கன் மாதிரி கெட்டிப் பெட்டி சரி. டிக்கியில் அடுக்கலாம், ஏறி நிற்கவும் செய்யலாம். விமானத்துக்கு அது ஆகாது. பெலிக்கன் 1510 காலியாகவே 5 கிலோவுக்கு மேல். கோவையிலிருந்து உள்நாட்டு விமானத்தில் கையில் எடுத்துப் போகப் பெரும்பாலும் 7 கிலோதான், நீளம் அகலம் உயரம் மூன்றும் சேர்த்து 115 செ.மீ. உதிரி லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, அது கைப்பையிலேயே வர வேண்டும்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். பையைப் பின்னால் கேரியரில் கயிறு போட்டுக் கட்டாதீர்கள். மோட்டார் சைக்கிளின் பலமான அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. நம் கேமராவிலும் லென்ஸிலும் அந்த மாதிரி மிதக்கிற பாகங்கள் இருக்கின்றன. லென்ஸில் திருகுகளும் தளரலாம். முதுகில் மாட்டினால் உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும். தனியாகப் போகிறீர்கள் என்றால் பட்டையைக் கொஞ்சம் நீட்டி, பையின் அடிப்பாகம் பின்சீட்டில் லேசாகப் பட்டு உட்காரும்படி வைத்துக்கொள்ளுங்கள். எடை சீட்டுக்குப் போய்விடும், தோள் வலிக்காது. மார்புப் பட்டையைக் கட்டினால் வளைவில் பை ஆடாது. பின்னால் ஆள் இருந்தால் பை அவர் முதுகுக்குப் போகட்டும்.

மழைக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையில் எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் அங்கேதான் இருக்கிறது. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று எழுதியிருக்கும் பை தூறலுக்குத் தாங்கும், அரை மணி நேர அடைமழைக்குத் தாங்காது. துணியில் தண்ணீர் ஏறாவிட்டாலும் தையலிலும் ஜிப்பிலும் ஏறும். ரெயின் கவர் வெளிப்பக்கத்தை மூடும், முதுகுப்பக்கத்தை மூடாது. கழுத்து வழியாக வழிகிற தண்ணீர் அந்தப் பக்கமாக இறங்கும், முதுகுப்பக்கம் திறக்கிற பையில் ஜிப் இருப்பதும் அங்கேதான். அந்த வகைப் பைக்கு இது ஒரு குறைதான், ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு நான் நம்புவது உள்ளே போடும் தடுப்பைத்தான். வாய்ப்பக்கத்தைச் சுருட்டி மூடுகிற, தண்ணீர் புகாத ட்ரை பேக் ஒன்றுக்குள் உள்பையை இறக்கி மூடிவிட்டால், வெளிப்பை முழுக்க நனைந்தாலும் கேமரா நனையாது. நனைந்த வெளிப்பை சாதாரணப் பைதானே, காயப்போட்டால் சரி. உள்பை வழியை நான் விடாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடையில் வாங்கப் போகும்போது உங்கள் சாமான் முழுவதையும் எடுத்துப் போங்கள். அடுக்கி, மாட்டிக்கொண்டு, கால் மணி நேரம் கடைக்குள்ளேயே நடங்கள். செருப்பு வார் மாட்டக் குனிகிற மாதிரி குனிந்து பாருங்கள், பை தலைக்கு மேல் சரிந்து வந்தால் பட்டை அமைப்பு சரியில்லை. மேல் கைப்பிடியை மட்டும் பிடித்து முழு எடையோடு தூக்குங்கள். பை முதலில் கிழிவது பட்டை சேரும் தையலில்தான், அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கெட்டித் தையல் போட்டிருக்க வேண்டும். ஜிப்பை ஒரு கையால் மூலை திரும்புகிற இடம்வரை இழுத்துப் பாருங்கள், சிக்கினால் அந்தப் பை வேண்டாம். பழைய பை வாங்குவதாக இருந்தால் உள்பக்கத் துணியை விரலால் தேயுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ பொரிப் பொரியாக உதிர்ந்தாலோ பூச்சு கெட்டுவிட்டது, அந்தத் தூள் சென்சார்வரை போகும். ஆன்லைனில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, வந்த அன்றே இதையெல்லாம் செய்துவிடுங்கள்.

எந்தப் பை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் கேமராவை அதிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். வால்பாறை, ஊட்டி போய்வந்த பையின் பஞ்சில் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். மூடிய இருட்டுப் பையும் 60, 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் சேர்ந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஒருமுறை கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. உள்பையைத் தலைகீழாக உதறி, மின்விசிறிக் காற்றில் ஒருநாள் காயவிடுங்கள். கேமராவும் லென்ஸும் ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இருக்கட்டும். ஈரத்தைக் குடித்து ஆரஞ்சு மணிகள் பச்சையாக மாறியதும் பொட்டலத்தை மாற்ற வேண்டும்.